யாரும் சொல்லாத மூச்சு

பெல்ட்டுக்காரர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள் குறுக்கே பேச மாட்டார்கள். பேசினால், பெல்ட்டுக்காரர் விட்ட இடத்திலிருந்து தொடங்க இன்னொரு மூச்சு வரவேண்டும். அந்த மூச்சு அவர் கையில் இல்லை. விலாவுக்குக் கீழே கட்டியிருக்கும் மூச்சு பெல்ட் இழுக்கும்போது இழுக்க வேண்டும், விடும்போது விட வேண்டும். விடுகிற நேரத்தில்தான் பேச்சு. அதனால் வடசென்னைக் கடலோரத்தில் பாதிப் பேர் முக்கியமான சொல்லை முதலில் போட்டுவிட்டு, மற்றதை மூச்சு மிச்சமிருந்தால் சொன்னார்கள். "வேணாம் எனக்கு காபி." "செத்துட்டாரு எதிர்வீட்டு வாத்தியாரு." வெளியூர்க்காரர்களுக்கு அது சண்டைக்கு வருவதுபோல இருக்கும். கேட்டுக் கேட்டுப் பழகிய சுபிக்ஷாவுக்கு மற்றவர்கள் பேசுவதுதான் வளவளவென்று இருந்தது.

அவளுடைய அண்ணன் ரூபன் ஒரு பெல்ட்டுக்காரன். நிலக்கரி யார்டில் கிரேன் ஓட்டியவன். கிரேன் கேபினில் ஏசி உண்டு என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். அந்த ஏசி வெளிக்காற்றைத்தான் உள்ளே தள்ளுகிறது என்பது நெஞ்சு படத்தைப் பார்த்த டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. இப்போது இரண்டாவது மாடியில் ஜன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் ஒரு துண்டு, இடுப்புக்கு மேலே பெல்ட். அவன் பெண்டாட்டி போய் ரொம்ப நாளாயிற்று. சுபிக்ஷாவின் கணவன் அதற்கும் முன்னாலேயே போய்விட்டான். மிஞ்சியது இவர்கள் இரண்டு பேர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர் சுபிக்ஷா. சுபிட்சம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று நாற்பத்தெட்டு வயதாகியும் அவள் பார்த்ததில்லை.

அவளுக்கு வேலையும் பெல்ட்டோடுதான். அம்பத்தூரில் பெல்ட் செய்யும் 'நல்மூச்சு' நிறுவனத்தில் சர்க்யூட் வடிவமைக்கும் எஞ்சினியர். பகலெல்லாம் அங்கே பெல்ட், சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் இங்கே பெல்ட். அலுத்துப்போயிருந்தாள். அலுத்துப்போனதை யாரிடமாவது சொல்லலாம் என்றால், சொல்லக்கூடிய ஒரே ஆளுக்குப் பதில் சொல்ல மூச்சு கிடையாது.

அந்த வருஷ வெயிலில் ஒரு நாள் ரூபன் "போதும்" என்றான்.

சும்மா அலுப்பில் சொன்னதல்ல. முறைப்படி சொன்னான். பெல்ட் கட்டியவர்களுக்காக ஒரு சட்டம் இருந்தது. அதற்கு நீளமான ஒரு பெயரும் உண்டு. ஜனங்கள் 'போதும் சட்டம்' என்று சுருக்கிவிட்டார்கள். பெல்ட் போட்டவர், நிறுவனத்தின் உரிமை அதிகாரிக்கு முன்னால், வீட்டார் ஒருவரை வைத்துக்கொண்டு, வாய்விட்டுப் "போதும்" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு ஒரு மண்டலம் காத்திருப்பு. இடையில் எப்போது வேண்டுமானாலும் மனசு மாறலாம். மாறாவிட்டால், மண்டலம் முடிகிற அன்று அதிகாரி வந்து தூங்க ஊசி போடுவார், நிறுவனத்தின் சர்வர் அந்த பெல்ட்டுக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடும். அவ்வளவுதான்.

உரிமை அதிகாரி ஆஷிக் மீரான் அவளோடு அலுவலக கேன்டீனில் ஒரே மேஜையில் சாப்பிடுகிறவர். சின்ன வயசு, மெதுவான குரல். அன்று அவர் வீட்டுக்கு வந்து ரூபனின் எதிரில் உட்கார்ந்து கேட்டபோது சுபிக்ஷா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாராவது சொல்லச் சொல்லி சொல்றீங்களாண்ணே?" என்று மீரான் கேட்டார்.

"இல்ல, நானேதான்," என்றான் ரூபன். அடுத்த மூச்சு வரும்வரை மூன்று பேரும் காத்திருந்தார்கள். "போதும் சார் எனக்கு. வலி கூட இல்ல. அசந்துட்டேன்."

அவர் போன பிறகு அவள் சண்டை போட்டாள். ரொம்ப மோசமாகப் போட்டாள். குறுக்கே குறுக்கே பேசினாள். அவனுக்கு மூச்சு வந்தபோதெல்லாம் அவள் பேசிக்கொண்டிருந்தாள், அவள் நிறுத்தியபோது அவனுக்கு மூச்சு இல்லை. பயமாக இருந்தது அவளுக்கு. அவன் சாவதைவிட, அவன் இல்லாத அந்த இரண்டாம் மாடி வீட்டின் சாயங்காலங்கள் பயமாக இருந்தன. இதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்ததால் கடவுள், பாவம், பக்கத்து வீட்டார் என்ன நினைப்பார்கள் என்றெல்லாம் கத்தினாள்.

அதே வாரம் அலுவலகத்தில் அவளிடம் புதிய வேலை வந்தது.

மூன்று பேர் செத்துப்போயிருந்தார்கள். மூன்று பேருமே மூச்சை உள்ளே இழுத்த நிலையில். பெல்ட் இழுத்தது, பிறகு விடவே இல்லை. தொழில்நுட்பத் தலைவர் ஹர்ஷவர்தன் கண்ணாடி அறைக்குள் எல்லாரையும் நிற்க வைத்தே பேசினார். பெல்ட்டை ஓட்டுகிற, இதுவரை வெளிநாட்டிலிருந்து வந்த டிரைவர் சிப் இனி வராது, கையில் இருந்த மாற்றுச் சரக்கு இப்படிச் செய்கிறது, ஆகவே சாதாரண டிரான்சிஸ்டர்களை வைத்து நாமே ஒரு சர்க்யூட் போட வேண்டும். "சேஃபா இருக்கணும் சுபிக்ஷா. எனக்கு அது ஒண்ணுதான் வேணும்." பேசி முடித்து அவர் போன பிறகுதான் யாரும் உட்கார்ந்தார்கள்.

பாதுகாப்பானது என்று கையெழுத்துப் போட வேண்டியவர் மீரான். அதனால் அவர் வந்து அவள் மேஜையருகே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க மேடம். எது கெட்டுப்போகுது?"

அவள் நகத்தளவு கருப்புத் துண்டு ஒன்றைக் காட்டினாள். "இதுதான் மாஸ்ஃபெட். ஒரு ஸ்விட்ச். இதோட மூணு காலுல ஒண்ணுக்கு கேட்னு பேரு. கேட்டுல வோல்டேஜ் குடுத்தா ஸ்விட்ச் போட்ட மாதிரி. கரன்ட் போகும், உதரவிதானம் சுருங்கும், காத்து உள்ள வரும். வோல்டேஜை எடுத்துட்டா அணைஞ்சிடும். காத்து வெளிய போகும்."

"எடுக்காம விட்டா?"

"அங்கதான் வில்லங்கம். கேட்டு வழியா கரன்ட் ஓடிப்போறதில்லை. அது ஒரு சின்னக் குண்டான் மாதிரி. ஊத்தினது அப்படியே நிக்கும். ஊத்தினவன் எழுந்து போயிட்டாலும் நிக்கும். நாமதான் கவுத்துக் கொட்டணும்."

"அந்த மூணு பேருக்கும் யாரும் கொட்டல."

"சர்வர் சொல்றதைக் கேட்டு பெல்ட்டை ஓட்டுற கன்ட்ரோலர் உறைஞ்சு போச்சு. கடைசியா சொன்னது 'இழு'. கேட் அதையே பிடிச்சிட்டு இருந்திருக்கு."

மீரான் அந்தக் கருப்புத் துண்டை விரலால் புரட்டினார். "இப்ப என்ன பண்ணப்போறீங்க?"

அவள் ஒரு தாளில் வரைந்தாள். அலுப்பாக இருந்தாலும் இந்த வேலை கைக்குத் தெரிந்த வேலை. வரையும்போது மட்டும் தோள்வலி மறந்துபோகும். "ரெண்டு டிரான்சிஸ்டர். ஒண்ணு ஊத்தும், இன்னொண்ணு கொட்டும். ரெண்டும் வேகமா பண்ணும். கன்ட்ரோலர் சொல்றது இந்த கெப்பாசிட்டர் வழியா வரணும். இது மாறிக்கிட்டே இருக்கிற குரலைத்தான் உள்ள விடும். ஒரே சொல்லைப் பிடிச்சிட்டு உறைஞ்சு போனா, அது கேக்காது. வோல்டேஜ் எகிறினா கேட் பொத்துக்கும், அதுக்கு ஒரு ஜீனர் டையோடு. அப்புறம் கேட்லேர்ந்து கீழ ஒரு ரெசிஸ்டர். யாரும் ஒண்ணும் சொல்லலைன்னா அது வழியா வடிஞ்சு தானா அணைஞ்சிடும். சேஃப்."

"அணைஞ்சிட்டா?"

"அணைஞ்சிட்டா கரன்ட் போகாது. எதுவும் எரியாது, எதுவும் சுத்தாது."

"மூச்சு?"

அவள் பேனாவை வைத்துவிட்டாள். சிரிப்பு வந்தது அவளுக்கு, கண்ணில் தண்ணீரும் வந்தது. எத்தனை மோட்டார், எத்தனை ஹீட்டர், எத்தனை பம்புக்கு இதே ரெசிஸ்டரைப் போட்டிருப்பாள்! இந்தத் தொழிலில் பாதுகாப்பு என்றால் அணைந்து கிடப்பது. காலேஜில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், அவளும் புதிதாக வருகிறவர்களுக்கு அப்படித்தான் சொன்னாள். அந்தப் பழக்கத்தில், இழுத்த மூச்சோடு செத்தவர்களை விட்ட மூச்சோடு சாகவைக்க ஒரு சர்க்யூட் போட்டிருக்கிறாள்.

"இது மூச்சாச்சே," என்றாள் தனக்குத்தானே. "போட்டே வச்சாலும் ஆள் போயிடுவான். அணைச்சே வச்சாலும் போயிடுவான். மாறிக்கிட்டே இருக்கணும்."

வழி ஷேர் ஆட்டோவில் கிடைத்தது. ஒரு பக்கம் மீன் கூடை, ஒரு பக்கம் போனில் உரக்கப் பேசும் ஒரு மனிதர், நடுவில் இவள். ஆட்டோக்காரன் சாமி படத்தைச் சுற்றி இரண்டு சின்ன விளக்கு போட்டிருந்தான். ஒன்று எரிந்தால் மற்றது அணையும், மற்றது எரிந்தால் இது அணையும். எலக்ட்ரானிக்ஸ் எடுத்த எந்தப் பிள்ளையும் முதலில் செய்து பார்க்கிற சர்க்யூட் அது. இரண்டு டிரான்சிஸ்டர், இரண்டு கெப்பாசிட்டர். ஒன்று விழித்தால் மற்றதைத் தூங்க வைக்கும். சற்று நேரத்தில் தூங்கினது விழித்துக்கொண்டு இதைத் தூங்க வைக்கும். அதற்கு சர்வர் வேண்டாம், கன்ட்ரோலர் வேண்டாம், யாரும் ஒரு சொல்லும் சொல்ல வேண்டாம்.

கன்ட்ரோலர் பேசுகிறவரை இந்த ஜோடி வாயை மூடிக்கொண்டிருக்கும். பேச்சு நின்று சில நொடிகள் ஆனால் இது எழுந்து கேட்டைத் தானே ஓட்டத் தொடங்கும். புத்தி கிடையாது, ஓடினாலும் படுத்தாலும் ஒரே தாளம், அதுவும் வழக்கத்தைவிட மெதுவாக. ஆனால் மூச்சு வரும். அலுவலகத்தில் போர்டைச் செய்து முடித்து, மேஜைமேல் போலி நுரையீரலாக வைத்திருந்த ரப்பர் பையை மாட்டி, ஓடிக்கொண்டிருந்தபோதே கன்ட்ரோலரைப் பிடுங்கிப் பார்த்தாள். பை சுருங்கிக் கிடந்தது. அவள் பல்லைக் கடித்தாள். பிறகு பை தானாக ஊதிக்கொண்டது, விட்டது, மறுபடி ஊதிக்கொண்டது. பக்கத்து மேஜைக்காரர்கள் கைதட்டினார்கள். பல வருஷங்களுக்குப் பிறகு அவளுக்கு அன்று சந்தோஷமாக இருந்தது.

மீரானும் பார்த்தார். பை பத்துப் பதினைந்து தடவை ஊதி இறங்குவதை எண்ணினார்.

"ஒரு சந்தேகம் மேடம். சர்வரே நிறுத்தச் சொன்னா கன்ட்ரோலர் என்ன பண்ணும்?"

"பேச்சை நிறுத்திடும்."

"உங்க சர்க்யூட்?"

அவள் ரப்பர் பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஏதோ கெட்டுப்போச்சுன்னு நெனச்சுக்கும். அதுவா மூச்சு விட ஆரம்பிக்கும்."

"அப்ப போதும்னு சொன்னவங்க?"

மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் கலைந்து போயிருந்தார்கள். அவளுக்கு மீரான் யாரை நினைத்துக் கேட்கிறார் என்று தெரியும். அவள் யாரை நினைத்துப் பதில் சொல்லப்போகிறாள் என்று அவருக்கும் தெரியும்.

"நிறுத்தறதுக்குன்னு தனியா ஒரு ஒயர் போடலாம்," என்றாள். "ஆனா வேர்வை பட்டு அது ஷார்ட் ஆனா ஆள் காலி. சேர்க்கிற ஒவ்வொரு பார்ட்டும் கெட்டுப்போக இன்னொரு வழி மீரான். எவ்வளவு கம்மியா இருக்கோ அவ்வளவு சேஃப்."

"வேற வழியே இல்லையா?"

"இல்ல."

வழி இருந்தது. ஒரு ஒயருக்குப் பதில் இரண்டு போட்டு, இரண்டும் ஒரே சமயத்தில், வேறு வேறு விதமாக, நீடித்துச் சொன்னால்தான் நிற்கும்படி செய்யலாம். ஒன்று கெட்டால் மற்றது ஒத்துக்கொள்ளாது. லிஃப்டுக்கும் பிரஸ் மெஷினுக்கும் அவளே அப்படிச் செய்து கொடுத்திருக்கிறாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை, கடைசி வார்த்தையைத் தவிர.

"நான் எஞ்சினியர் இல்ல," என்றார் மீரான். "நீங்க இல்லன்னா இல்லதான்." கையெழுத்துப் போட்டுவிட்டு ஸ்டூலை எடுத்த இடத்தில் கொண்டுபோய் வைத்தார். ஹர்ஷவர்தனுக்கோ யோசிக்க ஒன்றுமில்லை. மூச்சு நிற்காத பெல்ட்டைப் பற்றி யார் புகார் சொல்லப்போகிறார்கள்? நிறுத்துகிற சமாச்சாரத்தை அடுத்த மாடலில் பார்த்துக்கொள்ளலாம் என்றுவிட்டார்.

முதல் தொகுதி போர்டுகள் ஊழியர்களின் வீடுகளுக்குத்தான் வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் சுபிக்ஷா சாப்பாட்டு மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்து, சால்டரிங் அயர்னைச் சூடாக்கினாள். ரூபன் மாற்று பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, கழற்றிய பெல்ட்டை அவள் பக்கம் தள்ளினான்.

"இன்னா புதுசு இதுல?"

"சேஃப்டி."

"யாருக்கு பாப்பா?" என்றான். சிரிக்க வேண்டுமானால் பெல்ட்டுக்காரர்கள் அடுத்த மூச்சுவரை சிரிப்பை வைத்துக்கொள்ள வேண்டும். அவன் வைத்துக்கொண்டிருந்து சிரித்தான்.

"உனக்குத்தாண்ணா. வேற யாருக்கு?"

மாட்டி முடித்து அதை அவனுக்குக் கட்டிவிட்ட பிறகு, மாற்று பெல்ட்டையும் வாங்கி அதிலும் போர்டை மாற்றினாள். எதற்கு இரண்டிலும் என்று அவன் கேட்கவில்லை. தங்கச்சி வேலையில் அரைகுறையாக எதையும் விட மாட்டாள் என்பது அவனுக்குத் தெரிந்த விஷயம். மதியச் சாப்பாட்டுக்கு நெத்திலி வறுத்தாள். அவன் நன்றாகச் சாப்பிட்டான். சாப்பிடுகிற ஆளைப் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தன் மேல் இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது.

மண்டலம் முடிகிற நாள் வந்தது. அவள் லீவு போட்டாள். காலையில் ரூபன் முகச்சவரம் செய்துகொண்டு, பெட்டியிலிருந்து வெளுத்த சட்டை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டான். இதைப் பார்த்தும் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு திமிர் இருந்தது. மீரான் ஊசி போடட்டும். சர்வர் வாயை மூடட்டும். சாயங்காலம் இவன் எழுந்து உட்கார்ந்து திட்டுவான். திட்டி முடித்து டீ கேட்பான். கேட்டுத்தானே ஆக வேண்டும்?

மீரான் பத்தரை வாக்கில் வந்தார். பையைக் காலடியில் வைத்துக்கொண்டு ரூபனுக்கு எதிரில் உட்கார்ந்தார். அவள் டீ கொண்டுவந்தாள். வெயிலைப் பற்றிப் பேசினார்கள். கடல் பழைய ரோட்டைத் தாண்டி வந்ததைப் பற்றிப் பேசினார்கள். மீரான் பையைத் திறக்கவில்லை. குறித்த மணி பதினொன்று. சுவர்க் கடிகாரத்தில் அது தாண்டியது. ரூபனின் வெள்ளைச் சட்டைக்குள் பெல்ட் இழுத்தது, விட்டது, இழுத்தது. அவள் மட்டும் கொஞ்சம் கவனித்திருந்தால், அது தன் சர்க்யூட்டின் மெதுவான தாளம் அல்ல என்று தெரிந்திருக்கும். அவள் கவனிக்கவில்லை. ஜெயித்துவிட்டதாக நினைக்கிறவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

"நிக்காது மீரான்," என்றாள். குரல் அவளுக்கே உரக்கக் கேட்டது.

"எது மேடம்?"

"பெல்ட். நீங்க எத்தனை நாள் உக்காந்திருந்தாலும் நிக்காது. ரெண்டுலயும் புது போர்டு போட்டுட்டேன். சர்வர் நிறுத்தினாலும் அதுவா ஓடும். ஊசியை எடுத்துட்டுப் போயிடுங்க. தயவுசெஞ்சு போயிடுங்க."

மீரான் ரூபனைப் பார்த்தார். ரூபன் மூச்சுக்காகக் காத்திருந்தான்.

"நிறுத்தல யாரும்," என்றான். அவள் புரியாமல் விழித்தாள். பெல்ட் ஒரு தடவை இழுத்து விட்டது. "சொல்லிட்டேன் நான், வேணும்னு. போன வாரமே."

"மனசு மாறினவங்க வீட்டுக்கும் இன்னிக்கு நேர்ல வந்தாகணும்," என்றார் மீரான் மெதுவாக. "வீட்டுல யாராவது வற்புறுத்தி மாத்த வச்சாங்களான்னு பாத்துட்டுப் போகணும். அதுக்குத்தான் வந்தேன். பையில ஊசி எதுவும் இல்ல மேடம்."

முதலில் வந்தது சந்தோஷம்தான். அவளை அதற்காகக் குறை சொல்ல முடியாது. தரையில் உட்கார்ந்து அண்ணனின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "எதுக்குண்ணா சொல்லல? என்னாண்ட ஏன் சொல்லல?"

"இன்னிக்கு சொல்லலாம்னு இருந்தேன். சாரு வந்ததும்." பெல்ட் இழுத்தது. அவன் அவள் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தான், கை வைக்கவில்லை. "தூங்கிட்ட நீ அன்னிக்கு, சோத்துல கை வச்சுக்கினே." இழுத்தது. "எழுப்ப ஆளு வேணும்ல உன்ன. அதான் சொன்னேன் வேணும்னு."

அவள் அழத் தொடங்கினாள். அவன் அவள் அழுவதற்கு இரண்டு மூச்சு இடம் விட்டான். பிறகு கேட்டான்.

"இன்னா சொன்ன நீ இப்ப? நிறுத்தினாலும் நிக்காதா?"

அவள் முழங்காலிலிருந்து கையை எடுத்தாள்.

"கேக்கல நீ என்னய," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட அதிகக் காற்று வேண்டும். "போதும்னு சொன்னப்ப நானும் கேக்கலதான் உன்ன. ஆனா சொன்னேன், உன் மூஞ்சிக்கு நேரா." இழுத்தது, விட்டது. "பயந்துக்கினே இருந்தேன் ஒரு மாசமா. அப்புறம் யோசிச்சு யோசிச்சு, வேணும்னேன்." இழுத்தது. "இந்த பெல்ட்டு கட்டினதுலேர்ந்து, நானா செஞ்சது அது ஒண்ணுதான்." இழுத்தது. "ஒண்ணுமில்லாம பண்ணிட்டியே பாப்பா அத்த."

வேர்வை, ஷார்ட் சர்க்யூட், எவ்வளவு கம்மியோ அவ்வளவு சேஃப் என்று அலுவலகத்தில் சொன்னதெல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. அண்ணனிடம் சொல்ல வாய் வரவில்லை. தப்பு செய்துவிட்டோம் என்று தெரிந்தது, எப்போதிலிருந்து தெரியும் என்பதும் தெரிந்தது.

"தனியா இருக்கப் பயமா இருந்துச்சுண்ணா," என்றாள்.

"தெரியும்," என்றான் ரூபன். "போடு, நிறுத்தற ஒயர."

"எந்த ஒயரு?"

"தெரியாது எனக்கு. ஆனா இருக்கும். உன்னால முடியாதது இல்ல."

மீரான் தரையைப் பார்த்தபடி சொன்னார். "அன்னிக்கு நான் ரெண்டாவது தடவையும் கேட்டிருக்கணும். கேட்டா நீங்க உண்மையச் சொல்லிடுவீங்கன்னுதான் கேக்கல." அவருக்கு வீட்டில் யாரும் பெல்ட் கட்டியிருக்கவில்லை; ஆனால் அந்த வேலைக்கு வந்ததிலிருந்து தினம் ஒரு வீட்டில் யாராவது 'போதும்' சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார், அவரும் அசந்துதான் போயிருந்தார். போர்டுகளை எல்லாம் திரும்ப வாங்க வேண்டும், தன் கையெழுத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். ஹர்ஷவர்தன் குதிப்பார். குதிக்கட்டும்.

"என் பேரையும் எழுதுங்க," என்றாள் சுபிக்ஷா. "வழி இருந்தும் இல்லைன்னு சொன்னேன்னு எழுதுங்க."

மேஜையில் மறுபடி செய்தித்தாளை விரித்தாள். மாற்று பெல்ட்டைத்தான் முதலில் எடுத்தாள். இரண்டு ஒயர், இரண்டு சின்ன டிரான்சிஸ்டர், கொஞ்சம் ரெசிஸ்டர்கள். ஒன்று சொன்னால் போதாது, இரண்டும் சொல்ல வேண்டும். நொடிப்பொழுது சொன்னால் போதாது, விடாமல் சொல்ல வேண்டும். அப்போது மட்டும் அந்த முட்டாள் ஜோடி வாயை மூடும். ஒரு இணைப்பு இரண்டு தடவை செய்ய வேண்டியிருந்தது. அப்படியும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகவில்லை. ரப்பர் பை இல்லாததால் பெல்ட்டின் முனைகளைத் தன் உள்ளங்கையில் வைத்துச் சோதித்தாள். கரன்ட் சுருக்கென்று பிடித்தது, விட்டது, பிடித்தது. ஒரு ஒயரை மட்டும் தொட்டாள், நிற்கவில்லை. இரண்டையும் தொட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கை அமைதியாயிற்று.

அதைக் கையிலிருந்து எடுத்து, துடைத்து, அண்ணனுக்குத் தானே கட்டிவிட்டாள். வார் இறுக்கமாக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு மற்ற பெல்ட்டையும் எடுத்து அதே வேலையைச் செய்தாள்.

எல்லாம் முடிந்ததும் மீரான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சட்டப்படி திரும்ப ஒரு தடவை கேக்கணும்ணே. முன்ன நீங்க வேணும்னு சொன்னது செல்லுபடியாகுமான்னே இப்ப எனக்குத் தெரியல. என்ன சொல்றீங்க?"

ரூபன் அவரைப் பார்க்கவில்லை. தங்கையின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளங்கையில் சிவப்பாக இரண்டு புள்ளி விழுந்திருந்தது. பெல்ட் இழுத்தது, விட்டது. அந்த மூச்சை அவன் பேசாமலே விட்டான். அடுத்ததையும் விட்டான்.

"நாளைக்கு சொல்றேன்," என்றான்.

மீரான் அதை அப்படியே குறித்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் சுபிக்ஷா எழுந்து பால் வாங்கி வந்தாள். அடுப்பைப் பற்றவைக்கவில்லை. ஜன்னலோரத்து நாற்காலிக்கு எதிரில் போய் நின்றாள். வீட்டுக்கு வந்த அதிகாரிகள் கேட்டிருக்கிறார்கள், டாக்டர்கள் கேட்டிருக்கிறார்கள். அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

"அண்ணா, இன்னிக்கு என்ன சொல்ற?"

அவன் வாயைத் திறந்தபோது பெல்ட் இழுத்துக்கொண்டிருந்தது. அவள் குறுக்கே பேசாமல் நின்றாள்.